குணலட்சுமிக்கு வந்த ஆயர்

பாடசாலை கேட்டு மனுப்போட்டவர்களை எனக்குத் தெரியும். பாலம் கேட்டவர்களைத் தெரியும். கள்ளுத் தவறணை கேட்டவர்களையும் தெரியும், பெயர் சொல்லமாட்டேன். ஆனால், "எனக்கு வேறொரு ஆயர் வேண்டும்" என்று கேட்டு, அதை வாங்கியும் காட்டிய ஒரேயொரு பெண்ணைத்தான் இந்தப் பூமியில் நான் அறிவேன். அவள் குணலட்சுமி, லெனாட்டின் மனைவி.

ஆளைப் பார்த்தால் அப்படிச் சொல்லமாட்டீர்கள். உயரம் என் தோளுக்கு வரும். என் தோளே ஒன்றும் உயரமில்லை. ஆனால் அவள் வேலிக்கு மேலால் ஒரு குரல் விட்டால், மூன்று வளவு தள்ளி அடைகிடக்கும் கோழி முட்டையை விட்டு எழும்பி ஓடும். கூட்டிச் சொல்லவில்லை. அந்தக் கோழி என்னுடையது.

கரவெட்டிக்கு வடக்கே, புகையிலைத் தோட்டங்கள் முடிந்து பனைகள் தொடங்கும் இடத்தில் எங்கள் கோயில் இருக்கிறது. தூய அந்திரேயா ஆலயம், அங்கிலிக்கன் சபை. சுற்றிவர எல்லாரும் சைவர்கள். நடுவில் நாங்கள் இருபது குடும்பம், சோற்றுக்குள் பயறு போட்டதுபோல. குணலட்சுமியும் பிறப்பால் சைவம்தான். கரவெட்டியில் நல்ல அனுட்டானமுள்ள தோட்டக்கார வீடு. லெனாட் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் ஆய்வுகூட உதவியாளராக இருந்தார். சாதுவான மனிதர், வாயைத் திறந்தால் கீர்த்தனை மட்டும்தான் வரும். அவளுடைய குரலை வேலிக்கு அப்பாலிருந்து கேட்டுவிட்டு, "இந்தக் குரலுக்கு ஒரு முகம் இருக்கவேணுமே" என்று எட்டிப் பார்த்தாராம். அதோடு சரி.

கலியாணத்துக்கு முன்னம் ஞானஸ்நானம் எடுத்தாள். தண்ணீர் தலையை நனைத்தது. காலில் ஒட்டிக்கொண்டு வந்த கரவெட்டிச் செம்மண்ணை அது கழுவவில்லை. ஆராதனைப் புத்தகம் முழுவதும் அவளுக்கு மனப்பாடம். குருவானவர் ஒரு வரியைத் தவறவிட்டால் முன்வரிசையிலிருந்து ஒரு செருமல் வரும். ஆனால் செத்த வீட்டுக்குப் போய்வந்தால் தலைமுழுகாமல் வீட்டுக்குள் கால் வைக்கமாட்டாள். துடக்கு என்றால் துடக்குத்தான். வீட்டில் பிள்ளை பிறந்தால், ஆள் செத்தால், பெண்ணுக்கு மாதவிலக்கு வந்தால், இத்தனை நாளைக்குக் கோயிலுக்கு விலக்கு என்பது சைவ வீட்டு ஒழுங்கு. எங்கள் வேதப்புத்தகத்தைப் பிரித்துக்கொண்டு நின்றாலும் யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவர்களில் முக்கால்வாசிப்பேர் அதைப் பாதியாவது பார்ப்போம். கேட்டால், "சும்மா, ஒரு சுத்தத்துக்கு" என்போம்.

கோயிலின் பீடத்துணிகளைத் துவைத்து மடிப்பவள் அவள். திருவிருந்தில் திராட்சை ரசம் கொடுக்கும் வெள்ளிக் கிண்ணத்தைத் துலக்குபவளும் அவள். பீடத்துக்குப் பக்கத்து அறையின் திறப்பு அவளுடைய இடுப்பில்தான் தொங்கும். விலக்கு வந்த வயதில், அந்த நாட்களில் திறப்பைக் கழற்றி லெனாட்டிடம் கொடுத்துவிடுவாள். அவர் துலக்குவார், கறை போகாது. நாலாம்நாள் அவள் தலைமுழுகிவிட்டு வந்து அவரைத் திட்டித்திட்டித் திரும்பத் துலக்குவாள்.

இந்தக் கிண்ணத்தைப் பற்றிச் சொல்லாமல் குணலட்சுமியைப் பற்றிச் சொல்லமுடியாது.

எண்பத்தேழாம் ஆண்டு ஆமி வடமராட்சிக்குள் இறங்கியபோது ஊர் முழுவதும் ஓடியது. எல்லாரும் காணி உறுதியையும் தாலிக்கொடியையும் தூக்கினார்கள். இவள் ஒரு பானைச் சோற்றைத் தூக்கினாள். சோற்றுக்குள் கிண்ணம். வழியில் ஒரு சிப்பாய் மறித்து மூடியைத் திறக்கச் சொன்னான். சோறு. "பசிக்குது" என்று கையால் காட்டினான். இவள் அகப்பையை எடுத்துப் போட்டாள். இரண்டாவது அகப்பை போடும்போது அடியில் "டங்" என்று ஒரு சத்தம். உடனே அவள் ஒரு இருமல் இருமினாள். அந்த இருமலில் சிப்பாயின் தொப்பி பறந்து வேலியில் தொங்கியது. தொப்பியை எடுக்க அவன் போக, இவள் நடந்துவிட்டாள். நான் முதன்முறை இதைக் கேட்டபோது ஒரு சிப்பாய்தான். இப்போது ஊரில் கேட்டால் ஒரு லொறி நிறையச் சிப்பாய்கள் என்பார்கள். தொப்பி மட்டும் எல்லாக் கதையிலும் பறக்கிறது.

மீசாலையில் ஒரு மாமரத்தின் கீழே மாங்காய்க் காலம் முழுவதும் இருந்தார்கள். பகலில் கிண்ணம் பானைக்குள். படுக்கும்போது சேலைத் தலைப்பில் சுற்றி வயிற்றோடு கட்டிக்கொள்வாள். லெனாட் கேட்டாராம், "குணம், நான் கொஞ்சநேரம் வைச்சிருக்கட்டோ?" அவள் சொன்னாளாம், "நீங்கள் நித்திரையிலை கதைக்கிற மனுசன். உங்களை நம்பேலாது."

அப்படிக் காத்த கிண்ணத்தில்தான் நாங்கள் இன்றைக்கும் வாய் வைக்கிறோம்.

போனதுக்கு முந்தின வருசம் ஐப்பசி மழைக்குள் லெனாட் போய்விட்டார். போவதற்கு முன்னம் அவளிடம் ஒன்று கேட்டார். "திவசமெண்டு படையல் ஒண்டும் வேண்டாம் குணம். வருசம் திரும்புற ஞாயிற்றுக்கிழமை நான் முழங்கால்படியிடுற இடத்திலை நீ படியிட்டு, திருவிருந்திலை எனக்காக ஒரு வாய் வாங்கு. அது காணும்."

பீடத்துக்கு முன்னாலுள்ள கிராதியின் இடதுபக்கக் கோடி அவருடைய இடம். நாற்பது வருசமாக அவருடைய முழங்கை பட்டுப்பட்டு அந்த மரம் ஒரு சின்னக் கிண்ணம்போலக் குழிந்து போயிருக்கிறது. "ஓம்" என்றாள். குணலட்சுமி ஓம் என்றால் கல்லில் வெட்டியதுபோல.

லெனாட்டை அடக்கம் செய்து மூன்று மாதத்தில் எங்கள் பழைய குருவானவர் மாற்றலாகிப் போனார். புதியவர் ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். தலைக்கவசத்தைக் கழற்றினார். உள்ளே ஒரு கொண்டை.

அருட்பணி தாரிகா. கிளிநொச்சிப் பிள்ளை, வயது முப்பத்தாறு. கழுத்தில் வெள்ளைப் பட்டி, காலில் பாட்டா செருப்பு. சந்திக் கடைக்காரர் கதிரவேலர் நல்ல சைவர். பட்டியைப் பார்த்தால் ஃபாதர், முகத்தைப் பார்த்தால் அக்கா. ஒருநிமிசம் யோசித்துவிட்டு, "ஃபாதரக்கா, என்ன வேணும்?" என்றார். அன்றிலிருந்து ஊருக்கே அவள் ஃபாதரக்காதான்.

குணலட்சுமி அவளை வரவேற்றுப் புட்டும் முட்டைப்பொரியலும் கொடுத்தாள். சாப்பிட்டு முடியும்வரை பொறுத்திருந்து சொன்னாள்.

"பிள்ளை, உன்னிலை எனக்கு ஒரு கோவமுமில்லை. நீ நல்ல பிள்ளை. ஆனால் உன்ரை கையாலை நான் திருவிருந்து அப்பம் வாங்கமாட்டன்."

"ஏனம்மா?"

"விலக்கு வந்த காலத்திலை மாசத்திலை மூண்டு நாள் நானே அந்த அறைத் திறப்பைத் தொட்டதில்லை. நீ பீடத்திலையெல்லே ஏறப்போறாய்?"

தாரிகா எழும்பினாள். தன் கோப்பையைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனாள். "அவள் எதிர்த்துக் கதைச்சிருந்தா எனக்குச் சுகமாயிருந்திருக்கும்" என்று குணலட்சுமி பிறகு என்னிடம் முறைப்பட்டாள்.

ஆறு குடும்பங்கள் அவளோடு சேர்ந்தன. அதில் பிலிப்பு மாஸ்டரின் காரணம் வேறு. அவர் ஓய்வுபெற்ற அதிபர், துடக்கையெல்லாம் மூடநம்பிக்கை என்பார். "ஆண்டவர் தெரிஞ்ச பன்னிரண்டு பேரும் ஆம்பிளையள். அதை மாத்த எங்களுக்கு அதிகாரமில்லை" என்பது அவருடைய வாதம். நேர்மையான மனிதர். பிழையாயிருந்தாலும் நேராகப் பிழைவிடுவார். மற்றவர்களுக்குக் காரணம் குணலட்சுமிதான். அவளுக்குப் பயந்து சேர்ந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து லண்டனிலிருக்கும் அவளுடைய மகன் ஜெயதீபன் வட்ஸப்பில் எடுத்தான்.

"அம்மா, இஞ்சையும் உந்தப் பிரச்சினை இருந்ததுதான். பெண் குருமாரை ஏற்காத கோயிலுகளுக்கெண்டு தனியா ஆயர்மாரை விட்டிருக்கினம். அவர் ஊரூராப் போய் அவையளுக்குப் பூசை செய்வார். பறக்கிற ஆயர் எண்டு பகிடியாச் சொல்லுறது."

"பறக்கிறவரோ?"

"காரிலைதான் போறவர் அம்மா."

அவ்வளவுதான் அவளுக்குத் தேவை. அடுத்த கிழமை யாழ்ப்பாணம் போய், அங்கிருந்து கொழும்புக்கு ரயில் ஏறி, எங்கள் ஆயரின் அலுவலக விறாந்தையில் போய் இருந்தாள். தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள், மாட்டேன் என்றாள். நாளை வரச் சொன்னார்கள், இங்கேயே படுக்கிறேன் என்றாள். கடைசியில் ஆயரே வெளியே வந்தாராம். அவள் குரலைக் கொஞ்சம் தணித்துத்தான் கதைத்ததாகச் சொல்கிறாள். ஆனால் அன்றைக்குக் காலிமுகத்தில் காற்றாடி விட்டவர்களின் நூலெல்லாம் ஒரேநேரத்தில் அறுந்ததாகக் கேள்வி.

முடிவு இதுதான்: காலை ஏழு மணிக்குத் தாரிகாவின் ஆராதனை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஒன்பதரைக்கு, ஓய்வுபெற்ற ஆயர் ஒருவர் வந்து இந்த ஆறு குடும்பத்துக்கும் திருவிருந்து கொடுப்பார். கோயில் ஒன்று, மணி ஒன்று, கிண்ணம் ஒன்று. நான் இரண்டுக்கும் போவேன். இரண்டு நேரமும் தேத்தண்ணீர் நல்லாயிருக்கும்.

வந்தவர் ஆயர் கிறிஸ்ரோபர். அவரைக் கண்ட அன்றைக்குத்தான் எங்களுக்கு விளங்கியது, குணலட்சுமி கடவுளிடம் அளவெடுத்துத்தான் கேட்டிருக்கிறாள் என்று. ஆறடி மனிதர். நெஞ்சுவரை வெள்ளைத் தாடி. காற்றடித்தால் தாடி முதலில் கோயிலுக்குள் போகும், அவர் பின்னால் போவார். ஆளும் கரவெட்டிதான்! ஆழ்வாப்பிள்ளை என்ற பெரிய சைவக்காரரின் இளைய மகன். மிஷன் பள்ளிக்கூடத்தில் படிக்கப்போய்ப் பதினேழு வயதில் கிறிஸ்து வேதத்தில் சேர, தகப்பன் வீட்டைவிட்டுத் துரத்திவிட்டார். மூத்த அண்ணன் கேதீஸ்வரன், திருநீறு பூசிய கையாலேயே, தகப்பனுக்குத் தெரியாமல் சைக்கிளில் தம்பிக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுத்தாராம். அண்ணன் கடைசிவரை சைவம், தம்பி ஆயர். இருவருக்கும் ஒருநாளும் கதை நின்றதில்லை.

முதல்முறை வந்தபோதே பிலிப்பு மாஸ்டர் கேட்டார், "ஆண்டகை, பெண்கள் குருவாகிறதிலை உங்கடை நிலைப்பாடு என்ன?"

ஆயர் தாடியை ஒதுக்கிக்கொண்டு சொன்னார், "மாஸ்டர், என்ரை நிலைப்பாட்டைக் கேட்டு என்னை அனுப்பேல்லை. இஞ்சை கொஞ்சப்பேர் பசியோடை இருக்கினம், போய்க் குடு எண்டு அனுப்பினவை."

அவர் வரும் நாளில் தாரிகாதான் கோயிலைக் கூட்டி, மெழுகுதிரி ஏற்றி, ஒன்பதேகாலுக்குக் கதவைத் திறந்துவிட்டுக் கோயில் வளவிலேயே குருவானவருக்கென்று உள்ள அறைவீட்டுக்குப் போவாள். ஆயர் போகிற வழியில் அவளுடைய வாசலில் நின்று, "சுகமோ பிள்ளை?" என்பார். அதை நாங்கள் எல்லாரும் பார்ப்போம். பார்க்காததுபோல நிற்போம்.

இரண்டுமுறை வந்தார். மூன்றாம்முறை லெனாட்டின் வருசம் திரும்புகிற ஞாயிற்றுக்கிழமைக்கே நாள் குறிக்கச் செய்தாள் குணலட்சுமி.

அன்றைக்குக் காலையில் அவள் வெள்ளைச் சேலை உடுத்து, பீடத்துணியெல்லாம் மடிப்புக் கலையாமல் விரித்து, லெனாட்டின் இடத்தை ஈரத்துணியால் துடைத்து வைத்தாள். வாசலில் நிறைகுடம், மாவிலை, தேங்காய் எல்லாம் அச்சொட்டாய் இருந்தன. கைம்பெண் என்பதால் நிறைகுடத்தை அவள் தொடமாட்டாள். கொஞ்சம் தள்ளி நின்று கண்ணால் மற்றவர்களை நகர்த்துவாள். ஒழுங்கு என்றால் முதலில் தனக்கு, பிறகுதான் மற்றவர்களுக்கு. அவளிடம் எனக்கு வாய் பேசாமல் நிற்கத் தோன்றும் இடம் இதுதான்.

ஆறு குடும்பமும் றோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம். முன்னர் இரண்டு முறையும் ஆயர் கொடிகாமம் ஸ்டேசனில் இறங்கி ஆட்டோவில் வந்தார். ஆட்டோவைக் காணவில்லை. பனைகளுக்கு நடுவால் ஒரு மொட்டைத்தலைக் கிழவர் பழைய ரலி சைக்கிளை உழக்கிக்கொண்டு வந்தார். யாரோ தோட்டக்காரர் என்று நாங்கள் வழிவிட்டோம். அவர் வாசலிலே இறங்கினார். சைக்கிளை மதிலில் சாத்தினார். கைப்பையைத் திறந்து வெள்ளை அங்கியை எடுத்து மாட்டினார்.

"என்ன எல்லாரும் என்னைத் தெரியாதமாதிரி நிக்கிறியள்?"

குரல் ஆயருடையது. தலையில் ஒரு மயிர் இல்லை. முகத்தில் தாடி இல்லை, மீசையும் இல்லை. தாடி இருந்த இடம் அவித்த முட்டைபோல மினுங்கியது.

யாழ்ப்பாணத்திலே ஒரு வயதான ஆம்பிளை தலையும் முகமும் வழித்துக்கொண்டு வந்தால் என்னவென்று யாரும் கேட்கத் தேவையில்லை. ஆனால் ஒரு ஆயருக்கு அது நடந்ததை எங்கள் யாருடைய கண்ணும் இதற்குமுன் பார்த்ததில்லை.

"அண்ணை போயிட்டார்," என்றார் ஆயர். "எட்டாம்நாள் முடிஞ்சுது, முப்பத்தோராம்நாள் அந்தியேட்டிக்கு இன்னும் நாள் கிடக்கு. பெட்டையள் ரெண்டுபேரும் கனடாவிலை. ஆண்பிள்ளையும் இல்லை. 'தம்பி, நீதான் எனக்குக் கொள்ளி வைக்கவேணும்' எண்டு ஆஸ்பத்திரியிலை கேட்டவர். பசிச்ச நேரம் எனக்குச் சோறு கொண்டுவந்த மனுசன். நான் என்ன, சமயம் பாத்துப் பதில் சொல்லுறதோ? வைச்சன்." சைக்கிளைத் தொட்டுக் காட்டினார். "இது அவர்டைதான்."

நிறைகுடத்தடியில் நின்ற பெண் இரண்டடி பின்னால் போனாள். அவள் வேண்டுமென்று போகவில்லை, கால் தானாய்ப் போனது. செத்தவீடு. அதிலும் கொள்ளி வைத்தவர். துடக்கில் இதைவிடப் பெரிய துடக்கு இல்லை. அந்தியேட்டி கழியும்வரை அவர் எந்தக் கோயில் வாசலையும் மிதிக்கக்கூடாது என்பது அந்த ஒழுங்கு. எந்த ஒழுங்கைச் சொல்லி அவரை வரவழைத்தோமோ, அதே ஒழுங்கு.

எல்லாருடைய முகமும் குணலட்சுமியின் பக்கம் திரும்பியது.

ஆயர் மூடரில்லை. ஆறு குடும்பத்தையும் ஒரு பார்வை பார்த்தார். பிறகு அங்கியைக் கழற்றி மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, மதிலோரத்து வேப்பமரத்தடியில் இருந்த சீமெந்துக் கட்டில் அமர்ந்தார்.

"நான் இதை யோசிச்சுக்கொண்டுதான் வந்தனான். ஒளிச்சு உள்ளை போகக் கூடாதெண்டு நினைச்சன். துடக்குக்காரன் பீடத்திலை ஏறக்கூடாதெண்டால் நான் இதிலை இருக்கிறன். எனக்கொரு மனவருத்தமுமில்லை. போதகர் அம்மா அங்கை அறைவீட்டிலை இருக்கிறா. அவவைக் கூப்பிடுங்கோ. அல்லாட்டி எல்லாரும் வீட்டை போங்கோ. நீங்கள்தான் சொல்லவேணும், தங்கச்சி."

"குணமக்கா," என்றார் பிலிப்பு மாஸ்டர், "எனக்குத் துடக்கிலை நம்பிக்கையில்லை, நீங்களும் விட்டிடுங்கோ. ஆண்டகை உள்ளை வரட்டும்."

"விட்டால் பிறகு என்ன வாயோடை அந்தப் பிள்ளையை வேண்டாமெண்டுறது, மாஸ்டர்?"

"அப்ப அடுத்தமுறை பாப்பம்."

"அடுத்தமுறை லெனாட்டின்ரை வருசம் வருமே?"

மாஸ்டர் வாயை மூடினார். பள்ளிக்கூடத்தில் முப்பது வருசம் மற்றவர்கள் வாயை மூடவைத்தவர்.

குணலட்சுமி இடுப்பிலிருந்து திறப்பை எடுத்தாள். தனியாகக் கோயிலுக்குள் போனாள். அறைக்கதவு திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் இல்லை. நாங்கள் வெயிலில் நின்றோம். ஆயர் வேப்பஞ்சருகை அங்கியிலிருந்து ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருந்தார். தாரிகா அறைவீட்டு வாசலுக்கு வந்து, என்ன நடக்கிறதென்று விளங்காமல் நின்றாள்.

குணலட்சுமி வெளியே வந்தபோது கையில் வெள்ளிக் கிண்ணம். துணி மூடவில்லை. வெயில் பட்டு அது எங்கள் எல்லாருடைய முகத்திலும் ஒளியடித்தது. வாசற்படியில் நின்றாள். அன்றைக்கு அவள் குரலை உயர்த்தவில்லை, அதுதான் எங்களுக்குப் பயமாயிருந்தது.

"இதை நான் எண்பத்தேழிலை எங்கை வைச்சிருந்தனான் எண்டு எல்லாருக்கும் தெரியும்."

"சோத்துப் பானைக்குள்ளை," என்றது யாரோ ஒரு குரல்.

"பகலிலை பானைக்குள்ளை. படுக்கேக்கை என்ரை வயித்தோடை. ஒரு மாங்காய்க் காலம் முழுக்க. எனக்கப்ப முப்பத்தைஞ்சு வயசு. பொம்பிளையள் கணக்குப் பாருங்கோ."

பெண்கள் நாங்கள் கணக்குப் பார்த்தோம். ஆம்பிளைகள் நிலத்தைப் பார்த்தார்கள்.

"விலக்கு வந்த நாளிலையும் நான்தான் கட்டிக்கொண்டு படுத்தனான். கழட்டி அந்தாளிட்டைக் குடுக்கவேணுமெண்டு எனக்கு நினைவே வரேல்லை. உயிரைக் கையிலை பிடிச்சுக்கொண்டிருந்தனாங்கள், ஆர் நாள் எண்ணினது? இவ்வளவு காலம் அதை நான் யோசிச்சதுமில்லை. இப்ப அலுமாரியைத் திறந்து கையிலை எடுக்கத்தான் நினைவு வந்தது." கிண்ணத்தைத் திருப்பிப் பார்த்தாள். "உருகேல்லை. கறுக்கேல்லை. ஊருக்குத் திரும்பி வந்து இதிலைதான் நீங்கள் எல்லாரும் குடிச்சனீங்கள். ஒருத்தருக்கும் வயித்துவலிகூட வரேல்லை."

சேலைத் தலைப்பால் கிண்ணத்தின் விளிம்பைத் துடைத்தாள்.

"துடக்கெண்டு ஒண்டு இருந்தால், இந்தக் கிண்ணத்திலை அது எப்பவோ ஏறியிட்டுது. இல்லையெண்டால் ஒருத்தருக்கும் இல்லை. ஆண்டகைக்கும் இல்லை." நிறுத்தினாள். அடுத்ததைச் சொல்ல அவளுக்குக் கொஞ்சம் மூச்சுத் தேவைப்பட்டது. "அந்தப் பிள்ளைக்கும் இல்லை."

பிறகு பழைய குரல் வந்தது. என் கோழிகள் அந்தநேரம் அரைமைல் தள்ளி நின்றன, ஆனாலும் எழும்பியிருக்கும்.

"ஆண்டகை, உந்த வேப்பமரத்துக்குக் கீழை என்ன செய்யிறியள்? உள்ளை வந்து உடுப்பைப் போடுங்கோ. பிள்ளை, தாரிகா! வாசல்லை நிண்டு விடுப்புப் பாராமல் நீயும் வா. அவர் அப்பத்தைக் குடுக்கட்டும், நீ கிண்ணத்தைப் பிடி."

இருபது குடும்பத்துக் கோயிலில் அன்றைக்கு ஆறு குடும்பமும் நானும்தான். ஆனால் பாட்டுக்கு இருநூறு பேருடைய சத்தம் வந்தது. இதை மட்டும் நான் கூட்டிச் சொல்கிறேன் என்று நினைக்கவேண்டாம். கதிரவேலர் சந்தியில் கடையைப் பூட்டிவிட்டு வந்து மதிலுக்கு வெளியே நின்று கேட்டவர்.

திருவிருந்து நேரம் குணலட்சுமி முதலில் எழும்பினாள். கிராதியின் இடதுபக்கக் கோடிக்குப் போய், லெனாட்டின் முழங்கை குழித்த இடத்தில் தன் முழங்கையை வைத்து முழந்தாளிட்டாள். அவருடைய குழிக்குள் அவளுடைய சின்ன முழங்கை இரண்டு போகும். மொட்டைத்தலை ஆயர் குனிந்து அப்பத்தை அவள் கையில் வைத்தார். அண்ணனுக்குக் கொள்ளி வைத்த கை. அவள் வாங்கி உண்டாள்.

பின்னால் தாரிகா கிண்ணத்தோடு வந்தாள். அந்தப் பிள்ளையின் கை நடுங்கிய நடுக்கத்தில் ரசம் விளிம்புவரை ஏறி இறங்கியது. குணலட்சுமி நிமிர்ந்து பார்த்தாள். கிண்ணத்தின் அடியைத் தன் இரண்டு கையாலும் பிடித்தாள், மீசாலை மாமரத்தின் கீழே பிடித்ததுபோல.

"நடுங்காதை பிள்ளை," என்றாள் மெல்ல. "சிந்தினா அந்தத் துணியை நான்தான் தோய்க்கவேணும்."

குடித்தாள். லெனாட்டுக்கும் சேர்த்து என்று நினைக்கிறேன், கொஞ்சம் கூடவே குடித்தாள்.

பிலிப்பு மாஸ்டர் அப்பம் வாங்கினார். கிண்ணம் வந்தபோது இரண்டு கையையும் நெஞ்சில் கட்டித் தலையைக் குனிந்துகொண்டார். தாரிகாவும் தலையைக் குனிந்துவிட்டு அவரைக் கடந்துபோனாள்.

தேத்தண்ணீர் நேரம் குணலட்சுமி ஆயருக்கு முன்னால் போய் நின்றாள். அன்றைக்கு அவருக்கு வடையும் வாழைப்பழமும் மட்டும்தான். அந்தியேட்டிக்கு முன்னம் மீன், இறைச்சி என்று மச்சம் ஒன்றும் கொடுக்கக்கூடாது; அவர் துடக்கோடு வருவார் என்று சமைக்கும்போது யாருக்கும் தெரியாது. ஆனால் அவள் தற்செயலாய் மரக்கறிதான் சமைத்திருந்தாள், லெனாட்டுக்காக.

"ஆண்டகை, உங்களைக் கொழும்பு வரைக்கும் போய்க் கேட்டு வாங்கினவள் நான்தான். இப்ப நானே சொல்லுறன், இனி எங்களுக்கெண்டு நீங்கள் இவ்வளவு தூரம் அலையத் தேவையில்லை. அந்தியேட்டி முடிய விருந்தாளியா வாங்கோ. விளைமீன் குழம்பு வைச்சுத் தாறன்."

ஒரு ஆயரை வரவழைத்த பெண்ணைப் பார்த்தோம். அதே வாயால் அவரை வேலையிலிருந்து நிற்பாட்டிய பெண்ணையும் பார்த்தோம். ஆயர் சிரித்தார். அண்ணன் செத்தபின் அதுதான் அவருடைய முதல் சிரிப்பாயிருக்கவேண்டும், முகத்துக்கு அது பழக்கமில்லாததுபோல இருந்தது. தாடியில்லாமல் சிரிக்கும்போது சின்னப்பெடியன்போல இருந்தார்.

"நீங்கள் நிப்பாட்டினாலும் என்னாலை நிக்கேலாது, தங்கச்சி," என்றார். கண்ணால் மதிலடியைக் காட்டினார். அங்கே பிலிப்பு மாஸ்டர் கோப்பையும் கையுமாய்த் தனியே நின்றுகொண்டிருந்தார். "அவருக்கு இன்னும் பசிக்குது. ஒராள் மிஞ்சினாலும் நான் வரத்தான் வேணும். அதுக்குத்தான் அனுப்பினவை."

குணலட்சுமி மாஸ்டரைப் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று நான் ஒதுங்கினேன். அவள் திட்டவில்லை. போய் அவருடைய கோப்பைக்கு இன்னும் கொஞ்சம் தேத்தண்ணீர் ஊற்றினாள்.

இப்போது அவள் ஒவ்வொரு ஞாயிறும் ஏழு மணிக்கு முன்வரிசையில் இருக்கிறாள். தாரிகா ஒரு வரியைத் தவறவிட்டால் செருமுகிறாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆயர் கிறிஸ்ரோபர் அண்ணனின் சைக்கிளை உழக்கிக்கொண்டு வருகிறார். தாடி பாதிவரை வளர்ந்துவிட்டது. நிறைகுடம் வைக்கப்படுகிறது, மெழுகுதிரி ஏற்றப்படுகிறது, தாரிகா கதவைத் திறந்துவிட்டுப் போகிறாள். உள்ளே பிலிப்பு மாஸ்டர் ஒருவர்தான்.

ஒருவர் என்று சொல்லிவிட்டேன், பிழை. பின்வரிசையில் குணலட்சுமியும் இருப்பாள். காலையிலேயே அப்பம் வாங்கிவிட்டபடியால் முன்னே போகமாட்டாள். ஏன் இருக்கிறாய் என்று கேட்டேன்.

"மாஸ்டர் தனியாளா 'ஆமென்' சொன்னால் அந்தப் பெரிய கோயிலுக்கு அது எப்பிடிக் காணும்?" என்றாள். "அதுவும் அந்தாளுக்குக் குரலில்லை."

அவள் சொல்லும் ஆமென் கோயிலடித் தெரு முடியும்வரை கேட்கும். அதுவரை அடைகிடக்கும் என் கோழி, எழும்பி ஒருமுறை சிறகை உதறிவிட்டு, திரும்பப் போய் இருக்கும்.